மிஸ் கமலினிக்கு ஒரு குரல்

நேற்று அந்த உதடுகளோடு ஒட்டியிருந்த குரல் இன்று ஒட்டவில்லை.

அன்புக்கரசி லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த துண்டுப்படத்தை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து ஓடவிட்டாள். பேசும்படம் வருவதற்கு முந்தைய காலத்துப் படம். கறுப்பு வெள்ளைகூட இல்லை, தீய்ந்த பழுப்பு நிறம். பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் கதவு நிலையைப் பிடித்தபடி நிற்கிறாள். படத்துக்கு வெளியே நிற்கும் யாரையோ பார்த்துக் கை நீட்டி மன்றாடுகிறாள். வாய் மட்டும் அசைகிறது. அந்த வாய்க்குத்தான் அன்புக்கரசி நேற்று மாலை வசனம் எழுதி, தானே பேசிப் பதிவு செய்திருந்தாள். "போகாதீர்கள் பிரபு. பாவம் செய்யாதவளைப் பழியோடு விட்டுப் போகாதீர்கள்." ப, ம என்று வரும்போது உதடு மூடும். மூடுகிற இடம் பார்த்து அந்த எழுத்தை வைத்துவிட்டால் டப்பிங்கில் பாதி வேலை முடிந்தது. நேற்று எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. இன்று அவள் குரல் 'பிரபு' என்கிறபோது அந்தப் பெண்ணின் வாய் திறந்து கிடந்தது. குரல் மூச்சு வாங்குகிற இடத்தில் உதடுகள் அழுத்தமாக மூடின.

முதலில் லேப்டாப்பைச் சந்தேகப்பட்டாள். அதை அணைத்துப் போட்டாள். திரும்பவும் அப்படியே இருந்தது. அடுத்ததாகத் தன்னைச் சந்தேகப்பட்டாள்.

அது தெருவைப் பார்த்த முன்னறை. சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னலையும் சுவர்களையும் மறைத்துக் கொடிக்கயிறு கட்டி, வீட்டிலிருந்த போர்வை, ஜமுக்காளம், அம்மா காலத்துக் கம்பளி எல்லாவற்றையும் தொங்கவிட்டிருந்தாள். மைக்கில் காற்று இரையும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவாள். வைகாசி வெயில் பகலெல்லாம் சுவரில் ஏறி, மாலையில் போர்வைகளின் வழியே மெல்லக் கசியும். விருத்தாசலத்துச் செராமிக் பட்டறைகளில் களிமண் அரைக்கிற உருளைகள் ஷிப்டு முடிந்து ஒவ்வொன்றாக ஓயும்போது, நாள் முழுக்கத் தரைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த அதிர்வு நின்று, காதுக்குள் பஞ்சு வைத்ததுபோல ஒரு அமைதி வந்து உட்காரும். ஈரக் களிமண்ணும் சூளைப் புகையும் கலந்த வாடை மட்டும் எதையும் கேட்காமல் உள்ளே வந்துவிடும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் கிடைக்கிற அந்த அமைதியில்தான் அவள் வேலை பார்ப்பது.

இன்று அந்த வாடையோடு இன்னொன்றும் இருந்தது. தேங்காயெண்ணெயில் குழைத்த அரிதாரத்தின் வாடை. அவள் எழுந்து போய்ப் போர்வைகளை முகர்ந்து பார்த்தாள். பழந்துணி நாற்றம்தான் அடித்தது.

வடபழனியிலும் சாலிகிராமத்திலும் இருபது வருடம் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கதாநாயகிகளுக்காக அழுதவள் அன்புக்கரசி. தமிழில் ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத பெண்கள் அவள் குரலில் காதலித்தார்கள், அவள் குரலில் செத்தார்கள், மேடையேறி விருது வாங்கினார்கள். அம்மாவுக்கு நன்றி சொன்னார்கள், மேக்கப் போட்டவருக்கு நன்றி சொன்னார்கள். எந்த மேடையிலும் அவள் பெயர் வந்ததில்லை. ஒரு சமயம், தான் பேசிய படம் ஓடும் தியேட்டரிலேயே பக்கத்து இருக்கைக்காரியிடம் "இது என் குரல்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் பையைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள். போன வருடம் ஒரு கம்பெனி அவளைப் பழைய வசனங்களையெல்லாம் பேசச் சொல்லிப் பதிந்து, அந்தக் குரலைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தது. அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. கம்ப்யூட்டருக்குச் சளி பிடிப்பதில்லை. அவள் அம்மா விட்டுப்போன வீட்டைத் தேடி ஊர் திரும்பினாள்.

அந்தச் சமயத்தில்தான் நந்தகுமார் போன் செய்தான். அழிந்துபோன சினிமாக்களைத் தேடி ஊர் ஊராக அலைகிற சென்னைப் பையன். விருத்தாசலத்தில் இடித்துப்போட்ட ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியின் கிடங்கிலிருந்து பழைய இரும்புக் கடைக்கு வந்த தகரப்பெட்டியில் அந்தத் துண்டுச் சுருள் இருந்தது என்றான். அதைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, சென்னையில் பெரிய விழாவில் போடப்போகிறார்கள், ஒரு குரல் வேண்டும். "ஸ்க்ரீன் முழுக்க வரும் மேடம். குரல், அன்புக்கரசி. தனி கார்டு." அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான்.

அதனால்தான் இப்போது அவனுக்கே போன் போட்டாள்.

"நந்தகுமார், நீங்க அனுப்பின படத்தை அப்புறமா மாத்தினீங்களா?"

"இல்லையே மேடம். ஏன்?"

"நேத்து நான் பேசி அனுப்பினதைப் போட்டுப் பாருங்க. இப்பவே."

போனின் மறுமுனையில் அவளுடைய குரலே மெல்லக் கேட்டது. போகாதீர்கள் பிரபு. அவன் மூக்கை உறிஞ்சினான்.

"அப்படியே பொருந்துது மேடம். உதட்டுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. அந்த அம்மாவே பேசினா இப்படித்தான் இருந்திருக்கும்." அவனே திருத்திக்கொண்டான். "அம்மான்னு சொல்றேன். அவங்க பொம்பளையே இல்ல. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அவன் சொன்னான். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக்காரர், பெயர் கலியபெருமாள். சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெண் வேஷம் கட்டியவர். மீசை முளைக்கிற வயதில் குரல் உடைந்தது; கம்பெனி விரட்டிவிட்டது. ஊமைப்படம் அவருக்குக் கடவுள் கொடுத்த வரமாக அமைந்தது. அங்கே குரல் தேவையில்லை, அந்த முகம் போதும். மெட்ராஸில் எடுத்த படங்களில் மிஸ் கமலினி என்ற பெயரில் கதாநாயகியாக நடித்தார். படம் பார்த்தவர்கள் மிஸ் கமலினிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கடிதம் எழுதினார்கள். கலியபெருமாள் என்ற பெயர் எந்தத் திரையிலும் வந்ததில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் பேசும்படம் வந்துடுச்சு. அவர் வாயைத் திறந்ததும் செட்டே சிரிச்சிருக்கு. ஆனா அந்த முகத்தை இழக்கவும் படக்கம்பெனி முதலாளிக்கு மனசு வரல. அதனால முதலாளி ஒரு வேலை செஞ்சார். ஒரு நாடகக்காரப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து, இவருக்குப் பின்னால திரைக்குள்ள நிக்கவெச்சு, இவர் வாயசைக்க அவ பேசினா. படம் ஓடுச்சு. ஜனங்க அந்தக் குரலுக்குத்தான் மயங்கினாங்க. அடுத்த படத்துக்கு முதலாளி அந்தப் பொண்ணைத் திரைக்கு முன்னால கொண்டு வந்தார். இவரை வீட்டுக்கு அனுப்பிட்டார்."

அன்புக்கரசி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி உதட்டில் உப்புக் கரித்தது.

"குரலைப் பொம்பளைக் குரலா மாத்தித் தர்றேன்னு எவனோ ஒரு வைத்தியன் எதையோ குடிக்கக் கொடுத்திருக்கான். தொண்டை வெந்துபோச்சு. அதோட பேச்சே இல்ல. எப்படியோ உங்க ஊருக்கு வந்து சேர்ந்து, அந்தப் பொம்மைக் கம்பெனியில வேலை பார்த்திருக்கார். அங்க என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியல."

போனை வைத்த பிறகு அவள் இன்னொரு தரம் படத்தைப் போட்டாள். அந்தப் பெண்ணின் கன்னத்தில், அரிதாரத்துக்கு அடியில், சவரம் செய்த நிழல் இப்போது தெரிந்தது. நீட்டிய கை நேற்று மன்றாடிக்கொண்டிருந்தது. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது என்பது அவளுக்கு நிச்சயம். இன்று உள்ளங்கை கீழே பார்த்தது. விரல்கள் மடிந்து மடிந்து விரிந்தன.

மன்றாடவில்லை. கூப்பிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தாடை வலியோடு எழுந்தாள். இரவெல்லாம் பேசிக்கொண்டே இருந்ததுபோல உதட்டோரங்கள் வெடித்திருந்தன. எதிர் வீட்டு விருத்தாம்பாள் ஒரு காலத்தில் பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தவள் என்பது நினைவுக்கு வர, தெருவைத் தாண்டிப் போனாள். விருத்தாம்பாள் அடுப்படியில் உட்கார்ந்து கெளுத்தி மீனைச் சாம்பலில் புரட்டி உரசிக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டியவள். கம்மிய குரல், ஆனால் வாய் ஓயாது.

"யக்கா, அந்தக் கம்பெனியில கலியபெருமாள்னு ஒருத்தர் இருந்தாரா? பேச்சு வராதவரு."

"கலியபெருமாளா? ஊமையருன்னுதான் கூப்புடுவோம். பேரெல்லாம் யாருக்குத் தெரியும்." மீனின் வாலைப் பிடித்துத் திருப்பினாள். "பொம்மைக்குக் கண்ணு வாயி எழுதுறவரு. நான் அப்பத்தான் வேலைக்குச் சேந்தேன், கிழவராயிட்டாரு. ஆனா உக்காந்திருக்கிற ஒய்யாரம் இருக்குதே, பொம்பளைங்க தோத்துப் போவணும். அவரு வாயி எழுதுனா பொம்மை இப்பப் பேசிரும்போல இருக்கும்."

"சினிமாவுல நடிச்சவருன்னு தெரியுமா?"

"யாரு, அந்த ஆளா?" விருத்தாம்பாள் சிரித்தாள். "சோத்து நேரத்துல சுவத்தோரமா நின்னுக்கிட்டு கையக் காலை ஆட்டி, வாய அசைச்சிக்கிட்டு இருப்பாரு. பைத்தியம்னு நெனைச்சோம். வளர்மதின்னு ஒரு பொண்ணு, மணி மாதிரிக் குரலு அவளுக்கு. அவ போயி அவரு பின்னாடி சாக்கு மறைவுல நின்னுக்கிட்டு, அவரு வாயசைக்கிறதுக்கு ஏத்தாப்புல பேசுவா. அசிங்க அசிங்கமா. கம்பெனியே உருண்டு சிரிக்கும்."

"அவருக்குக் கோவம் வராதா?"

"அதான் இல்ல. ஒரு நாளு திரும்பிப் பாத்தாரு. சிரிச்சாரு. பேசு பேசுன்னு கையக் காட்டுனாரு." விருத்தாம்பாளின் கை சாம்பலில் நின்றது. "அதுக்கப்புறம் அந்தப் புள்ளையால நிறுத்த முடியல அன்பு. வேணாம்னாலும் போயி நிப்பா. எங்களுக்குச் சிரிப்பே வராத மாதிரி என்னென்னவோ பேசுவா. எதோ பழைய காலத்துப் பேச்சு. ஒரு நாளு காலையில எழுந்தா, தொண்டையில ஒண்ணும் வரல. சுத்தமா. சூளை கேஸு அடிச்சிருச்சின்னு டாக்டரு சொன்னாரு. இங்க பக்கத்துல மங்களூருல கட்டிக் குடுத்தாங்க. போன வருசம்கூட பஸ்ஸுல பாத்தேன். என்னையப் பாத்து வாய வாய அசைக்கிறா, பாவம், காத்துதான் வருது."

அன்புக்கரசி சாம்பலில் கிடந்த மீன்களின் திறந்த வாய்களைப் பார்த்தாள்.

"அவரு எப்படிச் செத்தாரு?"

"ஐப்பசி மழையில. கிடங்குலதான் படுக்கை. மூணு நாளா வேலைக்கு வரல, கதவு உள்தாப்பா. கிட்டப் போயி நின்னா உள்ளே பொம்பளை பேசுற சத்தம். கிழவன் எவளையோ கூட்டி வச்சிருக்கான்னு மேஸ்திரி கத்துனாரு. கதவ ஒடைச்சிப் பாத்தா அவரு மட்டும்தான் கெடந்தாரு. செத்து ரெண்டு நாளு இருக்கும், நாத்தம்." விருத்தாம்பாள் சாம்பல் கையோடு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா அந்தப் பேச்சு கதவ ஒடைக்கிற வரைக்கும் கேட்டுது. நான் கேட்டேன். அது வளர்மதி குரலு."

கொல்லைப்புறத்தில் ஏதோ கோழி கொக்கரித்தது.

"நீ ஏன்டி வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற?" என்றாள் விருத்தாம்பாள்.

"நானா? நான் ஒண்ணும் பேசலியே."

"உதடு அசையுதே. வந்ததுலேருந்து."

அன்புக்கரசி வாயைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்தாள். உள்ளங்கைக்குள் உதடுகள் மெத்தென்று மூடித் திறந்தன. கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒரு நூலால் இழுப்பதுபோல. அவள் தெருவுக்கு வரும்வரை அது நிற்கவில்லை.

வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். பதிந்ததை அனுப்பியாகிவிட்டது, நந்தகுமாருக்குத் திருப்தி, அதோடு போகட்டும். லேப்டாப்பை மூடித் துணி போட்டு வைத்தாள். சோறு வடித்தாள், சாப்பிடவில்லை. பாலக்கரைக் கடைத்தெருப் பக்கம் போய் நாலு பேர் முகத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சேலை மாற்றினாள். அப்போது போனில் நந்தகுமாரின் செய்தி வந்தது. தலைப்பு அட்டையைத் தயார் செய்து அனுப்பியிருந்தான். கறுப்புப் பின்னணி. வெள்ளை எழுத்து.

குரல்: அன்புக்கரசி.

அவள் நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிதாக்கினாள். 'ரசி' மட்டும் திரையை நிறைத்தது. நகர்த்தினாள். 'அன்பு' வந்தது. எத்தனை நூறு படங்கள். அதற்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: "ஒரு சின்ன டவுட் மேடம். இன்னிக்கு மறுபடி போட்டேன். நீங்க சொன்ன மாதிரி ஒட்டலைதான். சரி பண்ண முடியுமா? இல்லேன்னா குரல் இல்லாமலேயே போட்டுடலாம்னு விழாக்காரங்க சொல்றாங்க."

குரல் இல்லாமலேயே.

பெயர் இல்லாமலேயே என்பது அவளுக்குப் பழகியது, இப்போது குரலும் இல்லாமலேயே. பயம் அப்படியேதான் இருந்தது. அதற்கு மேலே ஒரு கசப்பு ஏறி உட்கார்ந்தது. செத்துப்போன ஒரு கிழவனுக்காக நான் இதை விட வேண்டுமா? என் பெயர் வரப்போகிற ஒரே படத்தை?

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பட்டறைகளுக்கு விடுமுறை, காலையிலிருந்தே தரையில் அதிர்வு இல்லை. முன்னறைக் கதவைத் திறந்தபோது அரிதார வாடை முகத்தில் அடித்தது, கல்யாண வீட்டு மணப்பெண் அறையைத் திறந்ததுபோல. போர்வைகள் அசையாமல் தொங்கின. ஜன்னல் பக்கக் கம்பளியின் விளிம்பில் மட்டும் மஞ்சள் வெளிச்சம் ஒரு கோடாகக் கசிந்தது. அவள் ஃபேனை நிறுத்தினாள். இறக்கை சுற்றிச் சுற்றித் தளர்ந்து நிற்கும்வரை காத்திருந்தாள். ஹெட்போனை மாட்டினாள்.

மைக் திறந்திருந்தது. காதுக்குள் அறையின் அமைதி இரைந்தது. தன் மூச்சு கேட்டது. அதற்குச் சற்றுப் பின்னால், இன்னொரு மூச்சு.

எதிரொலி, என்று சொல்லிக்கொண்டாள்.

படம் ஓடியது. அவள் வசனத்தை மறந்துவிட்டு உதடுகளை மட்டும் பார்த்தாள். இந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒலி போன நெகட்டிவில் நடிகை என்ன பேசினாள் என்று உதட்டைப் பார்த்தே சொல்லியிருக்கிறாள். திரையில் உதடு மூடியது. ம. திறந்தது. மேல்பல் கீழுதட்டைத் தொட்டது. வ. வாய் அகன்றது. இழுத்து மூடாமல் நின்றது. நாக்கு தெரிந்தது. மறுபடி மூடியது. ம. குவிந்தது. முகம் இப்போது அந்த யாரோ ஒருவரைப் பார்க்கவில்லை. மெல்ல அன்புக்கரசியின் பக்கம் திரும்பியிருந்தது. கை கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எழுத்து எழுத்தாகக் கிடைத்தது. எப்போதும் அவள் செய்வது ஒன்றுதான். ஓடவிட்டு, கூடவே பேசிப் பார்ப்பது. மூளைக்குப் புரியாததை நாக்கு கண்டுபிடித்துவிடும்.

ஓடவிட்டாள். அந்தப் பெண் வாயைத் திறந்தாள். அன்புக்கரசியும் திறந்தாள்.

"மறைவா நிக்காத. முன்னால வா."

கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு இமைப்பொழுது அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது புரிந்தது.

திரையில் இருந்த பெண் சிரித்தாள். கதவு நிலையிலிருந்து கையை எடுத்தாள். ஒதுங்கினாள். படத்தை விட்டு வெளியே போனாள்.

வெறும் கதவு நிலை. அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்புக்கரசிக்குத் தொண்டையில் ஏதோ உருவப்பட்டதுபோல இருந்தது. வலி இல்லை. மீன் முள்ளை எடுத்த பின் வருகிற நிம்மதி போல ஒரு வெறுமை. இருமினாள். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

காது போய்விட்டதோ? மேஜையைத் தட்டினாள். தட்டுகிற சத்தம் கேட்டது. டம்ளரைத் தள்ளிவிட்டாள். உருண்டது, தண்ணீர் சொட்டியது, எல்லாம் கேட்டது. "அம்மா" என்றாள். உதடு மூடித் திறந்தது.

காற்று.

போன் அடித்தது. நந்தகுமார். எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஏதாவது சத்தம் செய்ய வேண்டும். மேஜையைத் தட்ட வேண்டும். கையைத் தூக்கினாள்.

"சொல்லுங்க நந்தகுமார்," என்றது அவள் குரல்.

முதுகுக்குப் பின்னால், சுவரில் தொங்கிய போர்வைக்கு உள்ளிருந்து.

அவள் உதடுகள் அதோடு அசைந்தன.

"முடிஞ்சுதா மேடம்?"

"முடிஞ்சிடுச்சு. இனிமே ஒட்டலைங்கிற பேச்சே இருக்காது." எத்தனை கனிவு அந்தக் குரலில். அவளுடைய நல்ல நாட்களின் குரல், கதாநாயகிகளின் குரல். "ஒரே ஒரு விஷயம். டைட்டில்ல என் பேரு வேண்டாம்."

இல்லை என்று கத்தினாள். தொண்டை நரம்பு புடைத்தது. ஆனால் உதடு 'வேண்டாம்' என்று மூடியது.

"என்ன மேடம் சொல்றீங்க? நீங்கதானே ஆசைப்பட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னீங்க?"

"நடிச்சவங்க பேரு இருந்தா போதும். பின்னால நின்னு பேசினவளுக்கு எதுக்குப் பேரு?"

"உங்க பெருந்தன்மை யாருக்கு மேடம் வரும்?" என்றான். வைத்துவிட்டான்.

போர்வை அசைந்தது. ஃபேன் ஓடவில்லை.

திரும்பவில்லை அவள். திரும்பக் கூடாது. கதவு அந்தப் போர்வையை ஒட்டி இருந்தது. ஜன்னல் எதிரே. மேஜையைச் சுற்றி ஓடினாள். கம்பளியை இழுத்தாள். கொடிக்கயிறு அறுந்து அது காலடியில் விழுந்தது. ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். தெரு. அந்தி வெளிச்சம். பக்கத்துச் சந்தில் பிள்ளைகளின் கூச்சல். ஒரு சொம்புத் தண்ணீரை வாசலில் தெளித்துக்கொண்டிருந்தாள் விருத்தாம்பாள்.

கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

"அன்பு?" விருத்தாம்பாள் நிமிர்ந்தாள். சொம்போடு தெருவைத் தாண்டி வந்தாள். "என்னடி இது, மூஞ்சி வெளுத்துப்போயி கெடக்குது? காலையில மொகமே சரியில்ல, வந்து பாக்கணும்னு நெனைச்சேன்."

யக்கா. காப்பாத்து. உள்ளே வா. கதவ ஒடை.

"ஒண்ணுமில்ல யக்கா," என்றது குரல், அவள் பிடரிக்கு மிக அருகில். "வேலை. வெயிலு. தலைவலி."

அவள் வாய் ஒவ்வொரு எழுத்துக்கும் மூடித் திறந்தது. விருத்தாம்பாள் அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு போடாத அந்த அறையில், அவளுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்பது தெருவில் நிற்பவளுக்குத் தெரிய வழியில்லை. அன்புக்கரசிக்கும் தெரியவில்லை. பட்டுச்சேலை உரசியது. எண்ணெய்ப் பிசுக்குள்ள விரல்கள் அவள் தோளைத் தொட்டு, வெளிச்சம் முகத்தில் விழும்படி சற்றே திருப்பின. பிறகு முழங்கையை ஏந்தின. உயர்த்தின.

அவள் வலது கை எழுந்தது. புறங்கை நெற்றியில் போய்ப் பதிந்தது. தலை பின்னால் சாய்ந்தது. இடது கை மார்புச் சேலையைக் கசக்கிப் பிடித்தது. கண்களிலிருந்து நீர் கொட்டியது. அது மட்டும் அவளுடையது.

விருத்தாம்பாள் ஒரு கணம் விழித்தாள். அப்புறம் சொம்பு குலுங்கத் தண்ணீர் சிந்தச் சிரித்தாள்.

"அடியே, என்னா நடிப்புடி! சினிமாவுல பேசிப் பேசி உனக்கும் வந்திருச்சி பாரு!"

"உள்ளே வாங்களேன்," என்றது குரல்.

"அடுப்புல கொழம்பு கொதிக்குது. காலையில வரேன். படுத்துத் தூங்கு."

அவள் திரும்பி நடந்தாள். தெருவைத் தாண்டி, இன்னும் சிரித்துக்கொண்டே, வாசற்படி ஏறினாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தெருவிளக்கு எரிந்தது. அந்த வெள்ளை வெளிச்சத்தில், ஜன்னல் கம்பிகளுக்கு உள்ளே, கன்னமெல்லாம் ஈரமாக அன்புக்கரசி நின்றாள். பிடரியில் ஒரு மூச்சு. அவளுடைய குரல் அவளுக்குப் பின்னால் சிரிக்கத் தொடங்கியது, மெல்ல, பிறகு உரக்க. அழுதுகொண்டிருந்த அவள் வாய் பல் தெரிய அகலத் திறந்தது.